சின்ன கெனெரிஸ் யார்?

லெய்கியின் ஊரில் இரண்டு கெனெரிஸ் இருந்தார்கள். அவளுடைய அம்மா 'கெனெரிஸ் க்லோஃப்', அதாவது நொண்டி கெனெரிஸ். பக்கத்து வீட்டில் இருந்தவள் 'கெனெரிஸ் வெகன்', சின்ன கெனெரிஸ். குழந்தையாக இருந்தபோது வந்த பெயர் அது. பிறகு அவள் வாசல் நிலையில் தலை இடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். பெயர்தான் வளரவில்லை.

அம்மாவின் பெயரை லெய்கி யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

அன்று காலை பெண்கள் ஆற்றங்கரையில் கம்பளி அலசிக்கொண்டிருந்தார்கள். கோட்டையிலிருந்து புது மணியக்காரர் குதிரையில் வந்து இறங்கினார். கையில் தோல் சுருள். பிரபுவின் காட்டில் கெனெரிஸ் வெகன் கிளை வெட்டினாளாம். காவல்காரனைக் கண்டதும் பள்ளத்தைத் தாண்டிக் குதித்து ஓடிவிட்டாளாம். அவளைக் கோட்டைக்கு அழைத்துப்போக வந்திருந்தார்.

பெண்கள் குனிந்து கம்பளியையே அலசினார்கள். உயரமான கெனெரிஸின் முகம் வெளுத்துப்போனது.

மணியக்காரர் ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். கல்லின்மேல் உட்கார்ந்திருந்த லெய்கியின் அம்மாதான் எல்லாரிலும் குள்ளம்.

"உன் பேரு என்னம்மா?"

"கெனெரிஸ்."

"அப்ப நீதான். கிளம்பு."

அம்மா மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்து யாரைக் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும்.

கோட்டைக்கு ஒரு நாள் நடை. அம்மாவால் முடியவே முடியாது. யாரென்று காட்டிக்கொடுத்தாலோ பக்கத்து வீட்டு கெனெரிஸ் அத்தை மாட்டிக்கொள்வாள்.

லெய்கி மணியக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, எங்க அம்மா கெனெரிஸ் க்லோஃப். நொண்டி கெனெரிஸ். அவங்களால பள்ளம் தாண்ட முடியாது. வேணும்னா நடக்கச் சொல்லிப் பாருங்க."

அம்மா எழுந்து நாலடி வைத்தாள். அதற்கே மூச்சு வாங்கியது.

அப்படியானால் சின்ன கெனெரிஸ் யார் என்று மணியக்காரர் கேட்டார். லெய்கி உதட்டை இறுகக் கடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க," என்று உயரமான கெனெரிஸ் முன்னால் வந்தாள். "கொட்டகைக் கூரை விழுந்துடுச்சு. ஆட்டுக்குட்டிங்க நனையுதேன்னு வெட்டிட்டேன்."

மணியக்காரர் அவளை அண்ணாந்து பார்த்தார். "நீயா சின்னவ?" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தானாக வந்து ஒப்புக்கொண்டதால் கோட்டைக்கு வர வேண்டாம், பிரபுவின் வயலில் மூன்று நாள் புல் அறுத்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா லெய்கியின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். எல்லார் முன்னாலும் அந்தப் பெயரைச் சொல்ல வெட்கமாக இல்லையா என்று மெல்லக் கேட்டாள்.

"இருந்துச்சும்மா. ஆனா பயம் அதைவிடப் பெரிசா இருந்துச்சு."

பின்னால் இரண்டு வீட்டுக் கம்பளிக் கூடைகளையும் தூக்கிக்கொண்டு வந்த உயரமான கெனெரிஸ், அவர்களை முந்திவிடாமல் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்தாள்.