பிள்ளைப்பாக்கத்தில் ஏணி களவு

பகல் ஒன்றரை மணி. நடேசன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஓர் அலறல்.

"அக்கா! ஏணியக் காணோம்!"

அலறியவன் அறிவுமதி. மாடியில் இருக்கும் ஷீட் ரூமில் வாடகைக்கு இருக்கும் பையன், ஒரகடத்தில் கம்பெனி வேலை. பத்து நிமிஷத்தில் பஸ் வந்துவிடும். தவறவிட்டால் இந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் கோவிந்தா! தங்கச்சியின் காலேஜ் ஃபீஸுக்கு அதைத்தான் நம்பியிருந்தான். மாடிக்கோ படிக்கட்டு கிடையாது. அந்த இரும்பு ஏணிதான் வழி.

நடேசன் மனைவி இந்திராணி கரண்டியோடு ஓடிவந்தாள். தெருவில் கோழி காணாமல் போனால்கூட போலீஸுக்கு முன்னால் இவளிடம்தான் வருவார்கள்.

கேட் உள்பக்கம் பூட்டியபடி இருந்தது. ஏணி நின்ற இடத்தில் ஒரு ரோஜாத் தொட்டி. காலையில் அது குழாயடியில் இருந்தது. மூன்றாவது வீட்டில் பஞ்சாயத்து ஆள் ஒருவர் வீட்டு வரிக்காக டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"இன்னாய்யா, போலீஸுக்குச் சொல்லிடலாமா?" என்று திண்ணையில் இருந்த புருஷனைக் கேட்டாள்.

நடேசன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே, "பழைய இரும்பு. போனா போவுது, வுடு" என்றார்.

செருப்பு வார் அறுந்தாலே மூன்று நாள் புலம்புகிற மனுஷன்!

"யோவ், எங்க ஒளிச்சு வச்ச?"

"நானா?"

"திருடன் ஏணிய எடுப்பான். ஏணிக்கால் பதிஞ்ச குழி மேல ரோஜாத் தொட்டியத் தூக்கி வச்சு மறைப்பானா? மாடியில ரூம் கீதுன்னு பஞ்சாயத்துக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சவன்தான் வைப்பான். தொட்டி தூக்கின இடுப்பு பிடிச்சுக்கினுகீது பாரு."

நடேசன் தலை குனிந்தார். "சம்பளத்துல வரி, சோப்பு வாங்கினா வரி. இந்த ரூமுக்கும் போட்டா வூட்ட எப்படிடி ஓட்டறது? அவன் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சேன்..."

"ஷிப்ட் மாறிட்டேன் சார்!" மேலிருந்து அழுகுரல்.

தெருமுனையில் பஸ் ஹாரன். பஞ்சாயத்து ஆளும் கேட்டுக்கு வந்துவிட்டார்.

"அவரு பாக்கறாருடி" என்று நடேசன் கிசுகிசுத்தார்.

"பாக்கட்டும். அந்தப் பையன் பொழப்புய்யா அது! சார், ஒரு கை புடிங்க!" என்று இந்திராணி கேட்டைத் திறந்துவிட்டாள்.

நடேசன் கைகாட்ட, கொல்லையில் தென்னை ஓலைக்கு அடியில் கிடந்த ஏணியை மூவரும் தூக்கி வந்து சாய்த்தார்கள். அறிவுமதி சறுக்கி இறங்கி ஓடி, பஸ்ஸைப் பிடித்துவிட்டான். இந்திராணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பஞ்சாயத்து ஆள் அதே ஏணியில் ஏறி, ரூமை அளந்து, வருஷத்துக்கு ஆகும் கூடுதல் வரியைச் சொன்னார். ஒரு மாத வாடகையில் கால்வாசிகூட இல்லை.

"அட, இவ்ளோதானா!" என்ற நடேசன், நிமிர முடியாமல் அப்படியே உட்கார்ந்தார். "இந்திரா, ஒரு தைலம் வாங்கியாடி."

"வாங்கியாறேன். அதுக்கும் வரி போட்டுத்தான்யா விக்கறான்!"