டேனவிர்க் கரையில் ஓர் ஆள் குறைவு

டேனவிர்க் என்ற பழங்கால மண்மதில் கரையை வெட்டி அஸ்முஸ் போட்ட பாதை காலையில் குறுகியிருந்தது. நேற்று குதிரைவண்டி தாராளமாக நுழைந்த இடத்தில் இன்று இரண்டு சக்கரமும் மண்ணில் உரசின.

"நிஸ், மண்ணை அள்ளிப் போட்டது நீதானே?" என்று பக்கத்துப் பண்ணைக்காரனிடம் சீறினான்.

"எனக்கு வேற வேலை இல்ல பாரு! டேனவிர்க்ல கை வைக்காதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். தெக்கேயிருந்து வந்த படையையே மறிச்ச கரைடா அது. உன் முட்டைக்கோஸ் வண்டிக்கா வழி விடும்?" நிஸ் சிரித்துக்கொண்டே போனான்.

அஸ்முஸுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டும்போது அகப்பட்டதை அவன் நிஸ்ஸிடம் சொல்லியிருக்கவில்லை. மண்ணுக்குள் ஒருவன் நின்றிருந்தான். புதைத்துக் கிடத்திய பிணமல்ல. முதுகெலும்பு நேராக, முகம் தெற்கே பார்க்க, நின்றிருந்தான்.

"இருந்த இடத்துலயே மூடிடு, அஸ்முஸ்," என்று வெட்டிய அன்றே மனைவி வீப்கே கெஞ்சினாள். "காவலுக்கு நின்னவன்."

"நின்னது போதும். இனி உரமாகட்டும்." எலும்புகளைச் சம்மட்டியால் நொறுக்கி வயலில் தூவினான். மண்டையோட்டை உடைக்கும்போது ஏதோ கேலிகூடப் பேசினான்.

பாதை குறுகிய அன்று பிற்பகல் பனிமூட்டம் இறங்கியது. சமையலறையில் அடுப்புப் புகையையும் வேகும் உருளைக்கிழங்கின் மணத்தையும் மீறி, புல்லோடு புதிதாகப் பெயர்த்த மண்கட்டியின் ஈரவாடை சுவரோரமாக ஊர்ந்து வந்தது. அதன் பின்னாலேயே ஓர் ஓசை. தொப். தொப். யாரோ மண்ணை அடித்து இறுக்கினார்கள்.

"போகாதே," என்றாள் வீப்கே.

"எவன்னு பாத்துட்டு வர்றேன். மண்டையைப் பொளந்துடறேன்."

மண்வெட்டியோடு பாதைக்குள் நுழைந்தான். ஓசை நின்றது. இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்த மண்சுவர்களுக்கு நடுவே, தன் மூச்சே தன் முகத்தில் வந்து மோத, காலடியில் சேறு உறிஞ்ச, கையால் தடவித் தடவி நடந்தான். சுவர் சில்லென்றிருந்தது. பிறகு வெதுவெதுப்பாக. திரும்பினான். வந்த வழியில் மண்.

முன்னாலும் மண்.

தோளில் ஏதோ இடித்தது. எலும்பு. மறு தோளிலும். வரிசை. இருபுறமும் வரிசை, தோளோடு தோள். நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் மட்டும் காலி.

கைகள் அவனைப் பிடித்தன. தெற்கே திருப்பின. மண் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு. தொப். மார்புக்கு. தொப்.

"அஸ்முஸ்! எங்கே இருக்கே?"

வீப்கேயின் குரல் தலைக்கு மேல் கேட்டது. அவள் கரையின் முதுகில் ஓடினாள். அவளுடைய மரச்செருப்பின் அதிர்வு அவன் உச்சந்தலையில் இறங்கியது. கத்த வாயைத் திறந்தான். மண் புகுந்தது.

காலடி ஓசை தேய்ந்து போனது. அவன் சாகவில்லை. இருட்டில், இடப்பக்கத்தில் நின்றவனின் கழுத்தெலும்பு மெல்ல நொறுநொறுத்துத் திரும்பியது. சில்லிட்ட தாடை ஒன்று அவன் காதை ஒட்டி வந்து நின்று, அவசரமே இல்லாமல், பற்களை நறநறவென்று அரைக்கத் தொடங்கியது.