மூக்கு மிஷினுக்குச் சளி

மதியம் மூன்று மணிக்கே வாழவந்தி நாட்டிலிருந்த பூச்சிமருந்து குடோனைப் பனிமூட்டம் சூழ்ந்துவிட்டது. கதவைத் திறந்து மீட்டரை உள்ளே நீட்டிய ஜெனிபருக்கு எண் பிடிபடவில்லை. நாலு, ஒன்பது, நாலு, ஒன்பது. ஏறுவதும் இறங்குவதுமாக, நிதானமாக, எந்த அவசரமும் இல்லாத மாதிரி.

பூச்சிமருந்து கசிந்து காற்றில் கலந்தால் காட்டிக்கொடுக்கிற கருவி அது. குடோன் பொறுப்பாளராக அவள் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து அதோடு ரோதனைதான். ஈரம் ஏறினால் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தும். காவலாளி சின்னுசாமி அதற்கு மூக்கு மிஷின் என்று பேர் வைத்திருந்தார். வீணாகக் கத்தினால் "மூக்குக்குச் சளி" என்று ஆபீசே சிரிக்கும். பதிவேட்டிலும் ஜெனிபர் அப்படியே எழுதினாள். சளி. சளி. சளி.

போன வாரமும் கத்தியது.

"மருந்து வாசம் தூக்கலா இருக்குதுங்க மேடம்" என்றார் சின்னுசாமி.

"சளிதாண்ணா, சும்மா உள்ள போய்ப் படுங்க" என்று சிரித்தாள். போனவர் பிணமாகத்தான் வெளியே வந்தார். உள்ளே ஒரு டிரம் கசிந்திருந்தது. விசாரிக்க வந்தவர்களிடம் மீட்டர் கத்தவே இல்லை என்று கூசாமல் சொன்னாள். பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்தும் போட்டாள். சீ, நானும் ஒரு மனுஷியா என்று அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்கவே வெட்கமாக இருந்தது.

இப்போது அவர் மனைவி கண்ணாயி, புருஷனின் கம்பளியை எடுத்துப்போக வாசலில் நிற்கிறாள்.

டிரம்மை எடுத்து, தரையைக் கழுவி, நாலு நாள் காற்றாட விட்ட குடோன். பிறகு ஏன் ஏறுகிறது? தன் மூச்சின் ஈரமோ என்று ஜெனிபர் மூச்சை அடக்கினாள். நாலு, ஒன்பது. சின்னுசாமி பாய் விரித்துப் படுத்த மூலைக்குப் போனாள். இருபது, நாற்பது. குனிந்தாள். அறுபது. இறங்கியது. மறுபடி அறுபது, மீட்டர் கத்தத் தொடங்கியது.

மணிக்கட்டில் வெதுவெதுப்பாக, மூச்சு மாதிரி ஏதோ பட்டது. விலகியது. மறுபடி பட்டது.

ஐயோ.

வெளியே ஓடி வந்தாள்.

"என்னங்க மேடம், மிஷின் கத்துதே? அன்னைக்கும் இப்புடித்தான் கத்துச்சுங்களா?" என்றாள் வாசலில் நின்ற கண்ணாயி.

ஆமாம் என்று சொன்னால் போதும், கண்ணாயி உள்ளே போகமாட்டாள். ஆனால் எல்லாம் தெரிந்துவிடும். முகம் கொதித்தது.

"இல்லீங்கக்கா. இது சும்மா... சளி. போய் எடுத்துக்குங்க."

கண்ணாயி போனாள். காலடிச் சத்தம் மூலை வரைக்கும் கேட்டது. அப்புறம் இல்லை.

"அக்கா?"

ஜெனிபர் கதவை நோக்கி ஓரடி வைத்தாள்.

"கண்ணாயிக்கா!"

வெகுநேரம் கழித்துக் கண்ணாயி கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிலைப்படிக்கு வந்து நின்றாள்.

"ஏனுங்க மேடம், அவரு உங்களைத்தான் கேக்குறாரு."

அந்தக் குளிரில் ஜெனிபரின் வாயிலிருந்து மூச்சு புகை புகையாகப் போனது. பேசிய கண்ணாயியின் வாயிலிருந்து ஒன்றுமே வரவில்லை. அவளுக்குப் பின்னால், இருட்டில், தரையை ஒட்டி, யாரோ படுத்து மூச்சு விடுகிற மாதிரி, வெள்ளையாக ஆவி எழுந்து அடங்கியது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று.