தலையாட்டினா போதும்

ஹோர்னிலிருந்து கையை எடுக்காமலே தேயிலைக் கொழுந்து லொறியை ஆஸ்பத்திரிக்குள் திருப்பினான் அப்லால். பின்னால், சாக்குகளின் மேல் ரெஜினோல்ட் அலறிக்கொண்டு கிடந்தார். வலது பாதம் நசுங்கியிருந்தது.

றக்வானப் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அவர். மழைக்கு ஒதுங்க, தொழிலாளர் குடியிருந்த காலி லயத்துக்குள் நுழைந்தார், சுவர் சரிந்துவிட்டது. போன வருஷ வெள்ளத்தில், எல்லாரும் ஓடியும் கொழுந்து பறிக்கும் துஷ்யந்தி மட்டும் வெளியே வராமல் செத்துப்போன லயம்.

“கால் போயிறக் கூடாது அப்லால். இந்த மலையில நான் எப்பிடி ஏறி இறங்குவேன்?”

“உங்க வாய் இருக்கே ஐயா. நீங்க பேசுற சிங்களத்துக்கு டொக்டர் ரெண்டு கால் தருவாரு.”

பகிடிதான். ஆனால் சிங்களம் தெரியாத தோட்டத்து ஆட்களுக்காக டொக்டர்மாரிடம் பேசுவது எப்போதும் ரெஜினோல்ட்தான்.

வார்டு வாசலைத் தாண்டியதும் ரெஜினோல்டின் குரல் நின்றது.

தொண்டைக்குள் யாரோ ஈரத்துணியைத் திணித்தது போல. கைகளும் அசையவில்லை. லொறியை எடுக்கச் சொல்லிக் காவலாளி அப்லாலை விரட்டிவிட்டான்.

ஜன்னலுக்கு வெளியே மழை இருட்டு. டெட்டோல் வாசத்துக்குள் பச்சைக் கொழுந்தின் வாசம். அப்புறம் சேற்று வாசம்.

சொட்டு. சொட்டு.

கால்மாட்டில் ஒருத்தி நின்றாள். மலைக்குப் போகிற பெண்கள் தலையில் போடும் கொங்காணி, நனைந்து முகத்தை மறைத்திருந்தது.

டொக்டர் இளைஞர், இடத்துக்குப் புதியவர். சிங்களத்தில் கேட்டார். “இவருக்கு சிங்களம் தெரியுமா?”

“தெரியாது மாத்தயா. நான் கேட்டுச் சொல்றேன்.” கால்மாட்டில் நின்றவளின் குரல். சுத்தமான சிங்களம்.

ரெஜினோல்டுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

“ரெண்டு வழியையும் தெளிவாச் சொல்லுங்க,” என்றார் டொக்டர். “பாதத்தைக் காப்பாத்திப் பார்க்கலாம், நாள் எடுக்கும். இல்லாட்டி இப்பவே எடுத்துறலாம். அவர் சம்மதிக்காம நான் கை வைக்க மாட்டேன்.”

காப்பாத்துங்க மாத்தயா. காப்பாத்துங்க.

உதடு பிரியவில்லை.

அவள் அவருடைய காதருகே குனிந்தாள். கொங்காணி விலகியது.

“என்னையத் தெரியுதுங்களா ஐயா?”

தெரிந்தது.

தலை தானாக ஆடியது. மேலும் கீழும்.

“எடுத்துறச் சொல்றாரு மாத்தயா.”

“ம். அவரே தலையாட்டினாரே.”

மறுத்துத் தலையசைக்கப் பார்த்தார். குளிர்ந்த விரல்கள் தாடையை இறுக்கிப் பிடித்திருந்தன.

சில நாள் கழித்து அப்லால் வந்தான். வெட்டுப்பட்ட காலைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

“ஏங்க ஐயா எடுக்கச் சொன்னீங்க? உங்க ஆளுதான் பேசுனாங்கன்னு நர்ஸ் மிஸ் சொல்றாங்க. யாரு அது?”

குரல் திரும்பியிருந்தது. “துஷ்யந்தி.”

“செத்துப்போனவளா? அவளுக்கு சிங்களத்திலயும் ஒரு சொல்லு தெரியாதே. பிரசவத்துக்கு நீங்கதானே கூட வந்து பேசுனீங்க?” அப்லால் தயங்கினான். “அந்தப் பிள்ளையும் காய்ச்சல்ல போயிருச்சு. இனிப் பிள்ளையே பிறக்காம ஒப்பரேஷன் செஞ்சிருக்குன்னு அப்புறந்தான் அவளுக்கே தெரிஞ்சுதாம். மெய்யா ஐயா?”

ரெஜினோல்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒப்பரேஷனை விளக்கிச் சொல்லி அவ சம்மதத்தைக் கேக்கச் சொன்னாரு டொக்டர். எனக்கு பஸ் போற நேரம். நான் வேறொன்னு கேட்டேன். அவ தலையாட்டினா.”

“என்ன கேட்டீங்க?”

டொக்டர் உள்ளே வந்தார். அப்லாலை வெளியே நிற்கச் சொன்னார். “விஷம் மேலே ஏறுது. மருந்தில பார்க்கலாம், இல்லாட்டி தொடையோட எடுக்கணும். இவரைக் கேக்கணுமே.”

ரெஜினோல்ட் வாயைத் திறந்தார். ஈரத்துணி.

சொட்டு.

“நான் கேட்டுச் சொல்றேன் மாத்தயா.”

கொழுந்து வாசம் காதருகே வந்தது. அன்றைக்கு, டொக்டர் கேட்கச் சொன்னதை விழுங்கிவிட்டு, பிரசவக் கட்டிலில் கிடந்தவளிடம் ரெஜினோல்ட் கேட்டதையே, அதே கனிவோடு, அவள் கேட்டாள்.

“பிள்ளையப் பாக்கணுமா?”