போய்ட்டு வாங்க, மாமா

ரம்யா கிட்டாரின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள். கட்டிலுக்குக் கீழே இருந்த ஸ்பீக்கரில் மூன்று கேட்டது.

மறுபடி தட்டினாள், இந்த முறை கவனமாக, விரல் முட்டியால். டக், டக். ஸ்பீக்கரும் அப்படியே சொன்னது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகு, அவசரமே இல்லாமல், இன்னொரு டக். ஒழுங்காக ஒட்டத் தெரிகிறதா உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிக்கப் உள்ளே தளர்ந்து ஆடுகிறது, வேறென்ன?

காசளவு வில்லை அது. கிட்டாருக்கு உள்ளே, கம்பிகள் முடிகிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டிவிட்டால், மரத்தின் அதிர்வைப் பிடித்து ஒயர் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். துளை போட வேண்டியதில்லை. ஒயர் நடுவிலிருக்கும் வட்டத் துவாரம் வழியாகவே வெளியே வரும். தேர்வாய் கண்டிகையில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் ஆண்டு விழாவில், இனி கிட்டாருக்கு முன்னால் மைக் கட்டி வைக்கிற பேஜாரு இல்லை.

பிக்கப் வாங்கித் தந்தது அருணா அக்கா. கிட்டாரும் அவள் தந்ததுதான். அவள் கணவர் பரத் மாமாவினுடையது. நெடுஞ்சாலையில் லாரி மோதி மாமா இறந்ததிலிருந்து பொன்னேரி வீட்டு மூலையில் கிடந்தது. போன வாரம் அக்காவே ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்து, "நீதான்டி நல்லா வாசிப்ப, நீயே வச்சிக்கோ" என்றாள். காபிகூடக் குடிக்கவில்லை. பாவம், பார்த்தாலே அவர் ஞாபகம் வருகிறது போல என்று ரம்யா நினைத்துக்கொண்டாள்.

வெளியே மழை பிடித்திருந்தது. இரும்பு ஆலைப் பக்கமிருந்து வழக்கமாக வரும் கரிந்த வாடை ஈரத்தில் கனத்து ஜன்னலோரம் நின்றது. கணவன் சசிகுமார் அத்திப்பட்டுக்கு ஷிப்ட் போயிருந்தான், வர நேரமாகும். விளக்கு வைக்கிற நேரம்தான், ஆனால் அறைக்குள் அதற்குள்ளேயே மூலைகள் இருட்டிவிட்டன. கம்பிகளை நன்றாகத் தளர்த்தி விலக்கிவிட்டு, துவாரத்துக்குள் கையை விட்டாள். பழைய பசையும் தூசியும் மணக்க வேண்டிய இடத்தில் பெட்ரோல் வாசனை வந்தது. பலகை உள்பக்கம் இளஞ்சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலி மாதிரி. வில்லையைத் தொட்டுப் பார்த்தாள். பல்லி போல அழுத்தமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆடவே இல்லை.

கையை வெளியே எடுத்தாள். ஸ்பீக்கர் இரைந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவில், தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு குரல்.

"வரேன்."

மாமா குரல். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடியபடியே சொல்கிற அதே வரேன். ரம்யாவுக்கு முதலில் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அன்றைக்குக் காலையில் அவசரமாகக் கிளம்பியவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார் என்று அக்கா எத்தனை முறை அழுதிருக்கிறாள்! அதைத்தான் சொல்ல வந்திருக்கிறார், ஐயோ பாவம். வாசலில் நிற்கிறவருக்கு யாரும் சொல்கிற பதிலை அவளும் சொன்னாள்.

"போய்ட்டு வாங்க, மாமா."

ஸ்பீக்கர் அமைதியானது. இரைச்சல்கூட இல்லை. பிறகு மரத்துக்குள் ஏதோ புரண்டு படுப்பது கேட்டது.

அவள் போனை எடுத்து அக்காவை அழைத்தாள்.

"அக்கா, அந்தக் கிட்டார்ல மாமா குரல் கேக்குதுக்கா. வரேன்னாரு."

அருணா ஆச்சரியப்படவில்லை. "நீ இன்னா சொன்ன?"

"போய்ட்டு வாங்கன்னேன். வேற இன்னா சொல்வாங்க?"

மறுமுனையில் அக்கா நீளமாக மூச்சு விட்டாள். சுமையை இறக்கி வைத்தவள் விடுகிற மூச்சு.

"அக்கா, பேசு."

"தினம் அதுக்குள்ள இருந்து வரேன் வரேன்னு சொல்லிக்கினே இருந்தாருடி. போறேன்னு சொல்ற வரேன் இல்ல அது. நெஜமாவே வரேங்குறாரு. யார் வாயால வாங்கன்னு வருதோ, அவங்ககிட்ட வருவாரு. நான் வாயே தொறக்கல. பல்லக் கடிச்சிக்கினு கெடந்தேன்."

"அப்ப எதுக்கு என்கிட்ட குடுத்த?"

"மரத்துல காத வச்சாத்தான் கேக்கும். நீ வைக்கமாட்ட. அதான் பிக்கப் வாங்கினேன்." அக்கா அழுதாள். "எனக்குத் தூக்கம் வேணும்டி. இன்னிக்காவது தூங்குறேன்."

"நான் உன் கூடப் பொறந்தவ இல்லியாக்கா? என்னையா..."

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பாவி! சின்ன வயதில் இடி இடித்தால் தன் போர்வைக்குள் இழுத்துக்கொண்ட அக்கா. அவளா?

வில்லையைப் பிடுங்கி எறிந்தால் போதும் என்று தோன்றியது. ஒயரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அரை முழம் வந்தது.

பிறகு ஒயர் உள்ளே போனது.

மெதுவாக. மீன் தூண்டிலை இழுக்கிற மாதிரி இல்லை. மனிதன் இழுக்கிற மாதிரி, நிறுத்தி, பிடி மாற்றி. சுற்று இறுகியது. விரல்கள் வெளுத்தன. அவிழ்க்கப் பார்த்தாள். முடியவில்லை. முழங்கால் கட்டிலில் இடித்தது. கை துவாரத்தின் விளிம்புக்குப் போய்விட்டது. பெட்ரோல் வாசனை. சூடான மூச்சு.

தளர்ந்த கம்பிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. உள்ளிருந்து நான்கு விரல்கள் விளிம்பைப் பற்றின. நகங்களுக்குள் தார்.

"மாமா," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நான் ரம்யா மாமா. அக்கா இல்ல. நான் ரம்யா."

விரல்கள் நின்றன. யோசிப்பது போல. பிறகு ஸ்பீக்கரில் இல்லை, அவள் மணிக்கட்டுக்குப் பக்கத்தில், அன்பாகவே அந்தக் குரல் வந்தது.

"தெரியும்மா. யார்கிட்ட வரட்டும்னு கேட்டேன், அவதான் உன் பேரச் சொன்னா."

விளிம்பில் இரண்டாவது கை ஏறியது.