பச்சைத் திரையில் ஒரு மடிப்பு!

டமார்!

லைட் ஸ்டாண்ட் சரிந்து விழுந்தது. பல்பு தூள் தூளானது...

"அல்லாஹ்வே! என்னத்துக்கு உடைக்கிறீங்க?" ஜெனூபா அலறினாள்.

சாய்ந்தமருதில் அவள் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. பெண்களை மட்டுமே படம் எடுப்பாள். ஆண்கள் எட்டிப் பார்க்கவும் கூடாது. இன்றைக்கு அதற்குள் ஒருவன் செருப்போடு நின்றான்!

ஸஹீத். கட்டாரிலிருந்து வந்த மாப்பிள்ளை. நாளைக்கு நிக்காஹ். அவனுக்குப் பின்னால், கண்ணைக் கசக்கிக்கொண்டு அவனுடைய ராத்தா, மூத்த சகோதரி ஸில்மியா.

"இதப் பாரு!"

போனை ஜெனூபாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். படத்தில் அவன் கட்டப்போகும் முஸ்பிறா. தலையில் முக்காடு இல்லை. கூந்தல் தோளில் புரண்டது. பின்னால் பச்சைத் துணி.

"காலையில தெரியாத நம்பரிலருந்து வந்திச்சு. 'ஊரே பாத்தாச்சு, நீயும் பாரு' எண்டு எழுதியிரிக்கு. ராத்தா பாத்தவுடனே சொன்னா, இது உன்ட துணிதானே?"

"பொம்புளப் புள்ளையள்ட மானத்த விக்கிறா இவ!" ஸில்மியா எகிறினாள். "பேஸ்புக்கில போடு தம்பி! இனி ஒருத்தியும் இந்தப் படிய மிதிக்கக் கூடாது!"

பெண்கள் ஜெனூபாவை நம்பி வருகிறார்கள். அந்த ஒரு பதிவு ஏறினால் போதும்... ஸ்டூடியோவை மூட வேண்டியதுதான்!

"படம் எங்க எடுத்தெண்டு பொண்ணுட்ட கேட்டீங்களா?"

"அவளிட்ட என்னத்தக் கேக்க?" ஸஹீத் சீறினான். "பின்னேரம் அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லுறதுக்குள்ள ஒத்துக்கொள்ளு. இல்லாட்டிப் போடுவன்!"

"போனத் தாங்க. வடிவாப் பாக்கணும்."

படத்தைப் பெரிதாக்கினாள். உற்றுப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"ஓம். என்ட துணிதான்."

ஸில்மியா துள்ளினாள். "கேட்டியா தம்பி? அவட வாயாலயே சொல்லிட்டா!"

"துணி என்டதான். ஆனா இஞ்ச எடுத்த படமில்ல!"

"புளுகாத!" என்றான் ஸஹீத்.

"தோளுக்கு மேல பாருங்க தம்பி. குறுக்க ஒரு கோடு... நெடுக்க ஒரு கோடு... மடிப்பு! இது மருதமுனைக் கைத்தறி. சிவப்புச் சாறிக்கும் நகைக்கும் எடுப்பா இரிக்குமெண்டு நிறம் சொல்லி நெய்விச்ச. ஒருக்கா மடிச்சாப் போதும், பக்கத்திலருந்து லைட் பட்டவுடனே கறுப்புக் கோடா விழும். அதால நான் மடிக்கவே மாட்டன்!"

சுவரோரம் கைகாட்டினாள். ஏழெட்டுத் திரைகள் பிளாஸ்டிக் குழாய்களில் சுருட்டி, உப்புக்காற்றுப் படாமல் உறை போட்டுக் கிடந்தன. அவள் பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இந்தக் கவனிப்புக் கிடையாது!

"அப்ப மடிச்ச ஆரு?" ஸஹீத்தின் குரல் இறங்கியது.

ஜெனூபாவுக்குத் தெரியும். ஆனால் பெயரைச் சொன்னால், அந்த ஆள் இல்லவே இல்லை என்று சாதித்துவிடுவாள். வேறு வழியில் போனாள்.

"மூணு கிழமைக்கு முன்ன ஒருத்தி இரவல் கேட்டா. சுருட்டிக் குடுத்தன். குழாய வாசல்லயே வெச்சிட்டு மடிச்சிக் கொண்டு போயிட்டா. திருப்பித் தரக்குள்ளயும் நாலா மடிச்சி, சூடை மீன் வாங்கின பேக்குல திணிச்சித் தந்தா. ஊத்தைக் குடும்பம்! நாத்தம் போக ரெண்டு நாள் ஊறப் போட்டன்..."

"ஆருடி ஊத்தைக் குடும்பம்? மீன் பேக்கா? புதுச் சொப்பிங் பேக்குலதானே போட்டுத் தந்த நான்!"

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள் ஸில்மியா.

பிந்திவிட்டது!

"ராத்தா... நீங்களா?"

ஸில்மியா வாசல் பக்கம் நகர்ந்தாள். ஸஹீத் வழியை மறித்தான்.

"கதைங்க ராத்தா!"

"ஓம், நான்தான்!" வெடித்தாள். "சாறி உடுத்திப் பாக்க எங்கட ஊட்ட வந்தவள நான்தான் எடுத்த. வேற நம்பரிலருந்து உனக்கு அனுப்பினதும் நான்தான். பழி இவள்ட தலையில விழட்டுமெண்டுதான் துணிய வாங்கின! நாளைக்கு நீ பொண்டாட்டிட ஊட்ட போயிருவாய். என்ட மேல்மாடிய ஆரு கட்டி முடிக்கிற?"

ஊர் வழக்கம் அது. கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். கட்டார் சம்பளமும் கூடவே குடிபோகும்!

ஸஹீத் போனைப் பிடுங்கி முஸ்பிறாவை அழைத்தான். ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் கொட்டினான்.

"உன்னில பிழையில்ல முஸ்பிறா. நான் உன்ன ஏத்துக்கிறன். நாளைக்கு நிக்காஹ் நடக்கும்!"

முஸ்பிறா திருப்பிக் கேட்டாள்.

"படத்த காலையில பாத்தீங்க. இப்ப அஸராகப் போகுது. இவ்வளவு நேரமும் என்னட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணல்லயா?"

"அது... கோவத்தில..."

"ஜெனூபா ராத்தாவில பிழையில்லயெண்டு ஊருக்கு நானே சொல்லுவன். நீங்க என்ன ஏத்துக்கிட்டது சரி... நான் உங்கள ஏத்துக்கொள்ளல்ல. வாப்பாட்ட சொல்லப் போறன்!"

கட்!

ஸஹீத் ஸில்மியாவின் பக்கம் திரும்பினான்.

"ராத்தா... வலீமா விருந்துக்கு நூறு சஹன் தட்டுச் சோத்துக்குச் சொல்லிட்டமே!"

ஜெனூபா வாசல் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"மேசன்மாருக்கு வயிறாரக் குடுங்க தம்பி. மேல்மாடி சுறுக்கா எழும்பும்!"