கன்ட்ரோல்... ஆல்ட்... மூடு!

போன் அடித்தது.

கலைவாணி திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அப்போதுதான் காலை ஊன்றியிருந்தாள். பவன்குமார் என்று பெயர் மின்னியது. எடுத்தாள்.

பேசியது பவன்குமார் இல்லை!

"இது யாரு போன்மா? கடைசியா உங்களுக்குத்தான் பேசிக்கீறாரு. ஒரு ஜீப்பு தூக்கிப் போட்டுட்டு நிக்காம போயிடுச்சி. நூத்தியெட்டுல ஏத்திக்கினு போறோம்."

"உயிரு...?"

"கீது. ஆனா ரத்தம் ரொம்பப் போவுது."

கலைவாணி அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பவன்குமாரை அவள் நேரில் பார்த்ததுகூட இல்லை. வடமாலபேட்டைக்காரன். சித்தூரில் வெளிநாட்டு ஏஜென்ட் ஹரிபாபுவின் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். அந்த ஹரிபாபுதான் கலைவாணியின் அக்கா தேன்மொழியைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்புகிறவர். 2012 மே மாதம். தமிழ்நாட்டு எல்லையோரம், அவர்கள் ஊரான வரதய்யபாளையம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் எங்காவது போய்க்கொண்டுதான் இருந்தார்கள். தேன்மொழியும் இன்று விடியற்காலை வேன் ஏறினாள், இன்னும் ஐந்து பெண்களோடு. அங்கே போய்ப் புது சிம் தருவோம் என்று அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

காலை பத்து மணிக்கு பவன்குமார் கூப்பிட்டான். ஃபாரத்தில் அவசரத்துக்கு என்று எழுதியிருந்த நம்பர் கலைவாணியுடையது.

"போன வருசம் இதே மாதிரி ஏழு பேரு போனாங்கம்மா. ஒருத்தர்கிட்டருந்தும் ஒரு போன் வரல. குவைத்துல அவங்களுக்கு வீடும் இல்ல, வேலையும் இல்ல. உங்கக்காவ எறக்கியே ஆவணும்."

"சென்னை ஏர்போர்ட்டுன்னு சொன்னாங்களே. இப்பவே போறேன்."

"பொய். சென்னை இல்ல. எங்கன்னு எனக்கே தெரியாது. டிக்கெட்டு ஃபைல ஆபீஸ்லருந்து பென் டிரைவ்ல எடுத்துக்கினு வந்துட்டேன். திருப்பதிக்கு வா. ரூம்ல வெச்சி பாத்துடலாம்."

மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள், கை கழுவாமல் பஸ் ஏறினாள். அவளைக் கூப்பிட வந்தவனைத்தான் ஜீப் அடித்துவிட்டுப் போயிருக்கிறது.

போனில் இப்போது பவன்குமாரே முனகினான்.

"கலை... பென் டிரைவு நொறுங்கிப் போச்சி. ஆனா லேப்டாப்ல காப்பி பண்ணிட்டேன். தெறந்து வுட்டுட்டு வந்துட்டேன், பாக்க நேரமில்ல. காலைல அட்ரஸ் சொன்னேனே, அந்த ரூமுக்குப் போ. லைன கட் பண்ணாத..."

ஓடினாள்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்தெரு. மாடி ரூம். வாசலில் பூட்டு!

"எவரு காவாலம்மா?"

யார் வேண்டும் என்று கேட்டவர் வீட்டுக்காரர் நாகபூஷணம். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் முகம். அவள் தமிழில் படபடவென்று ஆரம்பித்ததும் தலையை ஆட்டினார்.

"நாக்கு தமிழம் ராதம்மா."

தமிழ் ஒரு வார்த்தை தெரியாதாம். கடப்பா பக்கமாம். கலைவாணி தெலுங்குக்குத் தாவி விஷயத்தைச் சொன்னாள். அடடா என்று நெஞ்சில் கை வைத்தார். தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துவிட்டார். குடிக்கத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து வைத்தார். இந்தக் காலத்தில் இப்படியும் மனுஷர் என்று கலைவாணிக்குக் கண் கலங்கியது.

மேஜையில் பத்து அங்குல லேப்டாப். நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.

திரையில் ஆறு பெண்களின் போட்டோ. நாலாவது, தேன்மொழி! கீழே டிக்கெட் விவரம் அடுத்த பக்கத்தில்.

கலைவாணி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். மவுஸை உருட்டினாள். அம்பு அசையவில்லை. ஆணி அடித்ததுபோல் நின்றது.

"அண்ணா, அக்கா படம் தெரியுது. கீழ போவ மாட்டேங்குது."

"தொங்கிடுச்சி... சின்ன மெஷினு. லினக்ஸ் போட்டுக்கீறேன். பெரிய ஃபைல் தெறந்தா திரை மட்டும் நின்னுடும். உள்ள ஓடிக்கினுதான் இருக்கும்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டா?"

"வேணாம்... வேணாம். ஆஃப் பண்ணா டிஸ்க்கு பூட்டிக்கும். நாப்பது எழுத்து பாஸ்வேர்டு கேக்கும்."

"அதச் சொல்லு, எழுதிக்கறேன்."

சைரன் சத்தத்துக்கு நடுவே அவன் ஏதோ எழுத்துகளை முணுமுணுத்துப் பார்த்தான்.

"வாயில வரல கலை. டெய்லி கைதான் தானா அடிக்கும்... எனக்கு ஞாபகம் வரல."

கலைவாணி கையைப் பிசைந்தாள். அக்கா எதிரில் சிரித்துக்கொண்டிருந்தாள், ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் சிரிப்பு. ஒரே ஒரு பக்கம் கீழே போனால் போதும். அந்த ஒரு பக்கம் போக முடியவில்லை.

"வேற வழியே இல்லியா அண்ணா?"

"கீது. பின்னால கறுப்புத் திரை ஒண்ணு கீது. அங்க போயி... ஃபைலப் படிக்கலாம். நான் சொல்றத மட்டும் செய். கன்ட்ரோல் அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"ஆல்ட்டும் அமுக்கு. ரெண்டையும் விடாத."

"விடல."

"மேல் வரிசைல..."

இருமினான். நல்ல இருமல் இல்லை அது.

"மேல் வரிசைல இன்னாண்ணா?"

"மூடு..."

"இன்னா?"

"மூடு... மூடு கலை..."

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. நாகபூஷணத்தின் கை.

டப்!

லேப்டாப்பை மூடியது. சொன்னதைச் செய்துவிட்டோம் என்பதுபோல் அவர் தலையசைத்தார். கலைவாணியும் தலையசைத்தாள். அவளுக்கும் அப்படித்தானே கேட்டது?

"மூடியாச்சிண்ணா."

"எத...?"

"லேப்டாப்பத்தான். இப்ப தெறக்கட்டா?"



"ஏன் மூடின?"

"நீதான அண்ணா மூடச் சொன்ன?"

"மூடினா... தூங்கிடும். அது தூங்கினா எழுந்துக்காது கலை..."

அதோடு சரி. பிறகு பேசியது ஆம்புலன்ஸ்காரர். சாரிம்மா என்றார்.

பவன்குமார் போய்விட்டான்!

கலைவாணி லேப்டாப்பைத் திறந்தாள். இருட்டு. ஒரு பொத்தானை அமுக்கினாள், எல்லாப் பொத்தானையும் அமுக்கினாள். ஓரத்தில் ஒரு விளக்கு மட்டும் சிமிட்டியது. கடைசியில் வேறு வழி இல்லாமல் ஆஃப் செய்து ஆன் செய்தாள். வெள்ளையாக ஒரு கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்டது. நாற்பது எழுத்து. அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. முன்பின் தெரியாத ஒருத்தன் அவள் அக்காவுக்காகச் செத்திருக்கிறான். அவன் விட்டுப்போனதைத் தன் கண்ணெதிரில் மூடவிட்டு, சரி என்று தலையையும் ஆட்டியிருக்கிறாள். தன்மீதே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

மூன்று மணிக்கு போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டர் செங்கல்வராயன், புத்தூர்க்காரர், இரண்டு பாஷையும் ஒரே வாயில் பேசுபவர். கூடவே கான்ஸ்டபிள் ரங்கையா, சுத்தத் தெலுங்கு. ரங்கையா லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தட்டிப் பார்த்தார். பிறகு அதன் தலையிலும் தட்டிப் பார்த்தார்.

"சென்னைக்குச் சொல்லிட்டேன்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "அங்க இல்லியாம். பாஸ்போர்ட்டுல பேரையும் மாத்தியிருப்பானுங்க. எந்த ஊரு, எந்த பிளேன்னு தெரியாம நான் யார நிறுத்தறது?"

"ஹரிபாபுவப் புடிங்க சார்."

"ஆபீஸ் பூட்டிக் கெடக்குது. போனும் ஆஃப். நடந்தத ஒரு வார்த்தை விடாம ரங்கையாகிட்ட சொல்லு. எழுதிக்கட்டும்."

எழுதி என்ன ஆகப்போகிறது? பிளேன் ஏறுகிறவளை ஸ்டேட்மென்ட் போய் இறக்குமா? இருந்தாலும் சொன்னாள். ரங்கையாவுக்காகத் தெலுங்கிலேயே சொன்னாள். கன்ட்ரோல் அமுக்கச் சொன்னது, ஆல்ட் அமுக்கச் சொன்னது, மேல் வரிசை, மூடு. பவன்குமாரின் வார்த்தைகளை அப்படியே.

சொல்லி முடித்துக் கையெழுத்துப் போடக் குனிந்தாள்.

நிமிரவில்லை.

தெலுங்கு எழுத்துகளுக்கு நடுவே ஓர் எண் உட்கார்ந்திருந்தது. 3.

"சார், இத இங்க ஏன் போட்டுக்கீறீங்க?" என்று எண்ணைத் தொட்டுத் தெலுங்கில் கேட்டாள்.

நீதானே சொன்னாய் என்று ரங்கையா அவளை வேடிக்கையாகப் பார்த்தார்.

"நுவ்வே கதம்மா செப்பிந்தி? மூடு அனி."

தெலுங்கில் மூடு என்றால் மூன்று!

எல்லைக்காரிக்கு அது தெரியாதா என்ன? தெரியும். கடையில் தினம் சொல்கிற வார்த்தை. ஆனால் பவன்குமார் தமிழில் பேசிக்கொண்டிருந்தான், அவளும் தமிழிலேயே கேட்டுவிட்டாள். அவன் தெலுங்கு மீடியம் படித்தவன். பேச்சுத் தமிழ், எண்ணிக்கை தெலுங்கு. உயிர் போகிற நேரத்தில் அவனுக்கு ஒன்றாம் வகுப்பு எண்தான் வந்தது. மேல் வரிசையில் F3 என்று போட்ட பொத்தான். மூடச் சொல்லவே இல்லை அவன்!

கலைவாணி மெல்ல நிமிர்ந்தாள்.

"சார், நான் தமிழு. எனக்கு மூடுன்னு கேட்டுச்சி. ரங்கையா சார் தெலுங்கு. அவருக்கு மூணுன்னு கேட்டுச்சி."

"சரி. அதுக்கு இன்னா இப்ப?"

"தமிழே தெரியாதுன்னு சொன்னாரே இவரு... இவருக்கு மட்டும் எப்படி சார் மூடுன்னு கேட்டுச்சி?"

கதவோரம் நின்ற நாகபூஷணம் விபூதியைத் துடைத்துக்கொண்டார். வியர்வை.

"ஏமண்டோந்தி சார் ஈ அம்மாயி?" என்றார், அவள் சொன்னது புரியாத அப்பாவியாக.

இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டேட்மென்ட்டைப் புரட்டிக்கொண்டே, வெற்றிலை கேட்கிற குரலில், தமிழில் சொன்னார்.

"பெரியவரே, வேட்டி அவுருது. புடிங்க."

நாகபூஷணத்தின் இரண்டு கையும் இடுப்புக்குப் பறந்தன!

வேட்டி கட்டின இடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது.

"தெலுங்கு போதும்," என்றார் இன்ஸ்பெக்டர். "இனிமே தமிழ்லயே பேசுவோம். ஹரிபாபு உங்களுக்கு இன்னா வேணும்?"

"அக்கா புள்ள சார்." சுத்தத் தமிழ். வேலூர்த் தமிழ்! "பவன் ஃபைலத் திருடிக்கினு வந்துட்டான்னு சொன்னான். கண்ணு வெச்சிக்கன்னான். ஜீப்புல இடிப்பான்னு எனக்குத் தெரியாது சார்."

"எந்த ஏர்போர்ட்டு?"

நாகபூஷணம் சுவரைப் பார்த்தார்.

"ஒரு கொலையில நிக்கறீங்க பெரியவரே. அந்தப் பொண்ணுங்களும் போயிட்டா ஏழு கேஸு."

"பெங்களூரு. நாலு பத்துக்கு பிளேன்."

மணி மூன்று முப்பத்தைந்து.

இன்ஸ்பெக்டர் போனோடு மாடிப்படிக்கு ஓடினார். கலைவாணி சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். அவளால் செய்ய முடிந்தது இனி ஒன்றுமில்லை. நாலு மணி ஆனது. நாலு பத்தும் ஆனது. கீழே இன்ஸ்பெக்டர் யாரிடமோ ஆங்கிலத்தில் கத்துவது கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

நாலு இருபதுக்கு அவர் மேலே வந்தார். போனை நீட்டினார்.

"கலையா? படியில கால வெச்சிட்டேன்டி. ஒரு போலீஸ் அம்மா வந்து கையப் புடிச்சி இஸ்துக்கினு வந்துட்டாங்க. ஆறு பேரையும். ஏன்டி? யாரு சொன்னா?"

"பவன்குமாருன்னு ஒருத்தரு அக்கா."

"யாருடி அது? பேசச் சொல்லு, ரெண்டு வார்த்த கேக்கறேன்."

கலைவாணி வாய்விட்டு அழுதாள். அக்கா கிடைத்த சந்தோஷமும், அந்த முகம் தெரியாதவன் இல்லாமல் போன துக்கமும் ஒன்றாகவே வந்தன.

ரங்கையா கடைசியாக ஒருமுறை லேப்டாப்பை அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இதி லேவட்லேது சார், எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது என்று முறையிட்டார்.

இன்ஸ்பெக்டர் நாகபூஷணத்தின் முகத்தைப் பார்த்தார். கண்கள் இரண்டும் நிலைகொள்ளாமல் உருண்டன.

"அது தூங்கட்டும் ரங்கையா. இங்க முழிச்சிக்கினு கீறாரே, மொதல்ல அவர ஜீப்புல ஏத்து."